உடைந்த பம்பு... ஒட்டாத வெல்டிங்... விடை தேடி ஒரு கோவைப் பயணம்!

போன சித்திரையில் என் கிணற்று பம்பு உடைந்தது. நொய்யல் ஓரத்தில் எனக்கு மூன்று ஏக்கர். அதில் 60 சென்டில் தக்காளி போட்டிருந்தேன். முதல் பறிப்புக்குக் காய் திரண்டு நின்ற நேரம். காலையில் மோட்டாரைப் போட்டால், பம்புக் கூட்டின் கால் பிரியும் இடத்திலிருந்து தண்ணீர் விசிறி மாதிரி பீய்ச்சி அடித்தது. துடைத்துப் பார்த்தால் விரல் நீளத்துக்கு ஒரு விரிசல்.

கழற்றி வண்டியில் வைத்துக்கொண்டு வெல்டிங் பட்டறைக்கு ஓடினேன். 600 ரூபாய் வாங்கிக்கொண்டு பற்றவைத்துக் கொடுத்தார்கள். இரண்டு நாள் ஓடியது. மூன்றாம் நாள், வெல்டிங் வைத்த கோட்டை ஒட்டிப் பக்கத்திலேயே புது விரிசல். வேறு பட்டறைக்குப் போனேன். அங்கே 800 ரூபாய். இந்த முறை மாட்டுவதற்குக்கூட விடவில்லை. பட்டறைத் திண்ணையில் ஆறிக்கொண்டிருக்கும்போதே ‘டிக்’ என்று ஒரு சத்தம். எடுத்துப் பார்த்தால் முடிபோல ஒரு கோடு ஓடியிருந்தது.

இப்படியே ஒன்பது நாள் போனது. பக்கத்துத் தோட்டத்து அண்ணன் இரண்டு தடவை தண்ணீர் விட்டார். அவருக்கும் கிணற்றில் தண்ணீர் வேண்டுமே, அதற்கு மேல் கேட்க வாய் வரவில்லை. பாதிச் செடி பூவை உதிர்த்துவிட்டது. திரண்ட காய் எல்லாம் அடியில் கறுத்து வெம்பியது.

‘வெல்டிங் வைத்தவர்களுக்குத் தொழில் தெரியவில்லை, பம்பு செய்தவன் மட்டமான இரும்பைப் போட்டு ஏமாற்றிவிட்டான்’ என்று எல்லோரையும் திட்டித் தீர்த்தேன். ‘பம்பு வெல்டிங் ஏன் நிற்பதில்லை?’ என்று இந்த இதழின் கேள்வி பதில் பகுதிக்கு எழுதலாம் என்று கார்டுகூட எடுத்து வைத்தேன். அதற்குள், கொடுவாள் முனை மழுங்கிவிட்டது என்று கொல்லரிடம் போக வேண்டியிருந்தது. பதில் அங்கிருந்துதான் ஆரம்பித்தது.

கொல்லர் கேட்ட கேள்வி

எங்கள் பக்கத்தில் முன்பு ஊருக்கு ஒரு கொல்லுப்பட்டறை இருந்தது. வருஷத்துக்கு இவ்வளவு என்று களத்துமேட்டில் தானியம் அளப்போம். கொழு, கொடுவாள், களைக்கொத்து எல்லாம் அவர்கள் பொறுப்பு. இப்போது சுற்று வட்டாரத்தில் இரண்டே பேர். நான் போனவருக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. துருத்தி இருந்த இடத்தில் சின்ன புளோயர் ஓடுகிறது. மற்றபடி அதே கரி உலை, அதே பட்டடைக்கல், அதே குறடு, சம்மட்டி.

என் பம்புப் புலம்பலைக் கேட்டுவிட்டு அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். “ஏனுங்க, அது அடிச்ச இரும்பா, ஊத்துன இரும்பா?”

எனக்குப் பதில் தெரியவில்லை. இரும்பு என்றால் இரும்பு என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

“உட்காருங்க” என்று சொல்லிவிட்டு, லாரி பட்டையில் வெட்டிய ஒரு துண்டை உலைக்குள் தள்ளினார். கொடுவாளுக்கு அவர் கடையில் புது இரும்பு வாங்குவதில்லை. பழைய லாரியில் கழித்த பட்டைதான் நல்லது என்கிறார். காரணம் அதில் இருக்கும் கரிச்சத்து. இரும்போடு கார்பன் எவ்வளவு கலந்திருக்கிறது என்பதுதான் அதன் குணத்தைத் தீர்மானிக்கிறது. வேலிக்கம்பி, ஜன்னல் கம்பி போன்ற மெது இரும்பில் நூற்றுக்குக் கால் பங்குக்கும் குறைவு. அதனால் வளையும், உடையாது, ஆனால் முனை நிற்காது. லாரி பட்டையில் அரைப் பங்கை ஒட்டி இருக்கும். அது எஃகு. முனை பிடிக்கும்.

துண்டு ஆரஞ்சு நிறத்துக்கு வந்ததும் குறட்டால் பிடித்துக் கல்லில் வைத்தார். அந்த நிறம் வந்தால் சூடு 1,000 டிகிரிக்கு அக்கம்பக்கம். அந்தச் சூட்டில் இரும்பு உருகாது. பிசைந்த மாவு மாதிரி அடித்த பக்கம் நகரும். சம்மட்டி விழ விழ, பட்டையாக இருந்தது நீண்டு, வளைந்து, கொடுவாளின் வயிறும் மூக்கும் வந்தது. நிறம் மங்கியதும் அடிப்பதை நிறுத்தி மறுபடி உலையில் வைத்தார். “ஆறுன இரும்பை அடிச்சா உள்ளுக்குள்ள கீறல் விழும். வெளியே தெரியாது. ஒரு நாள் கையில முறியும்” என்றார்.

மரத்துக்கு நார் ஓட்டம் இருப்பதுபோல் அடித்த இரும்புக்கும் ஓட்டம் உண்டு. அடிக்கும்போது அந்த ஓட்டம் அறுபடாமல் உருவத்தோடு சேர்ந்து வளைகிறது. அதனால்தான் கடப்பாரை, கோடாலி, டிராக்டரின் கிராங்க் போன்ற அடிதாங்க வேண்டிய சாமான்கள் எல்லாம் அடித்தே செய்யப்படுகின்றன.

கடைசி வேலைதான் உயிர். அதைத் தோய்ச்சல் என்கிறார்கள். செக்கச் சிவந்த கொடுவாளின் வாயை மட்டும் தண்ணீரில் முக்கி எடுத்தார். உடனே கல்லில் தேய்த்து, வாயைப் பளபளப்பாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார். முதுகில் மிச்சமிருந்த சூடு மெள்ள வாய்ப் பக்கம் இறங்கியது. வெள்ளையாக இருந்த இரும்பில் முதலில் வைக்கோல் மஞ்சள் வந்தது, பிறகு பழுப்பு எட்டிப் பார்த்தது. சட்டென்று முழுக் கொடுவாளையும் தண்ணீரில் போட்டார். “இன்னும் விட்டா நீலம் ஏறிரும். நீலம் ஏறுனா வாய் மெத்துப்போச்சுன்னு அர்த்தம்.”

எனக்குச் சுருக்கென்றது. என் பழைய கொடுவாளைப் போன மாசம் கிரைண்டர் மெஷினில் கொடுத்துப் பொறி பறக்கச் சாணை பிடித்தேன். வாய் ஓரம் முழுக்க நீலம் ஓடியிருந்தது. அழகாக இருக்கிறது என்று நினைத்தேன். அந்த நீலம் என்றால் சூடு 300 டிகிரி அளவுக்குப் போய்விட்டது, தோய்ச்சல் இறங்கிவிட்டது என்று இப்போதுதான் தெரிகிறது. அதற்குப் பிறகு அது ஒரு வாரம்கூட முனை நிற்காததில் என்ன ஆச்சரியம்?

நொய்யல் கரையின் பழைய உலைகள்

இந்தப் பட்டறையிலிருந்து கொஞ்ச தூரத்தில்தான் கொடுமணல். நொய்யலின் வடகரையில் இருக்கும் இந்த ஊரில் தொல்லியல்காரர்கள் தோண்டியபோது, இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய இரும்பு உலைகளின் அடையாளங்கள் கிடைத்தன. கல்மணி செய்த தடயங்களும் இருந்தன. பதிற்றுப்பத்து சொல்லும் ‘கொடுமணம்’ இதுதான் என்கிறார்கள்.

சேலம் பக்கத்தில் எஃகு செய்த முறையை 1800களில் இங்கு வந்த வெள்ளைக்காரர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். இரும்புத் துண்டை ஆவாரம் விறகோடு சேர்த்து மண் மூசைக்குள் வைத்து, எருக்கு இலையால் மூடி, வாயைக் களிமண்ணால் அடைத்து உலையில் வைப்பார்களாம். விறகும் இலையும் கரியாகி, அந்தக் கரி இரும்புக்குள் இறங்கி எஃகாகும். நம் வரப்பில் நிற்கிற ஆவாரையும் எருக்கும்தான்! கார்பன் கூடினால் குணம் மாறும் என்பதைக் கைவழக்கமாகவே தெரிந்து வைத்திருக்கிறார்கள்.

ஊற்றிய இரும்பைத் தேடி...

“ஊத்துன இரும்பைப் பத்தி எனக்கு அவ்வளவு தெரியாதுங்க. அது கோயமுத்தூர் சமாச்சாரம்” என்று கொல்லர் சொல்லிவிட்டார். என் மச்சான் மகன் கோவை கணபதி பக்கத்தில் ஒரு பவுண்டரியில் சூப்பர்வைசர். உடைந்த கூட்டைச் சாக்கில் கட்டிக்கொண்டு, திருப்பூர் போய் அங்கிருந்து கோவை பஸ் பிடித்தேன்.

பம்பு என்றாலே கோவை என்று ஆனதற்குக் காரணம் உண்டு. பஞ்சாலைகள் வந்தன. ஆலை இயந்திரங்களைப் பழுது பார்க்கப் பட்டறைகள் வந்தன. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்தது. ஆழக் கிணறு வைத்திருந்த விவசாயிகள் கவலை ஏற்றத்தை விட்டுவிட்டு மோட்டார் கேட்டார்கள். 1937-ல் ஜி.டி.நாயுடுவும் டி.பாலசுந்தரமும் சேர்ந்து இங்கேயே மின்மோட்டார் செய்தார்கள். நம் கிணறுகள் கேட்டதால் வளர்ந்த தொழில் இது.

“வாங்க மாமா” என்று உள்ளே கூட்டிப்போனான். கரிப் புழுதியும் சூடும் முகத்தில் அடித்தது. தரை முழுக்கக் கறுப்பு மணல். அதை ஒரு பிடி எடுத்து என் கையில் கொடுத்து “இறுக்கிப் பிடிங்க” என்றான். பிடித்தேன். கையைத் திறந்தால் விரல் பதிந்த கட்டியாக நின்றது. இரண்டாக ஒடித்தேன், பொலபொலவென்று உதிராமல் சுத்தமாக ஒடிந்தது.

“நம்ம உழவுப் பதம் பார்க்கிற மாதிரியே இருக்குதே மாப்ளே!”

“அதேதான் மாமா. ஈரம் கூடினா, உருக்குன இரும்பு பட்டதும் ஆவி கிளம்பி காஸ்டிங்ல ஓட்டை விழும். குறைஞ்சா அச்சு சரிஞ்சிடும்.”

மணலோடு பென்டோனைட் என்ற களிமண்ணும் கரித்தூளும் கொஞ்சம் தண்ணீரும் கலக்கிறார்கள். பம்புக் கூட்டின் உருவத்தில் மரத்திலோ அலுமினியத்திலோ ஒரு மாதிரி வைத்திருக்கிறார்கள். அது பேட்டர்ன். அதை இரண்டு பெட்டிகளில் பாதிப் பாதியாக வைத்து, மணலைக் கொட்டி இடித்து, பேட்டர்னை உருவி எடுத்தால் மணலில் பள்ளம் விழுகிறது. நடுவில் தண்ணீர் சுற்றிப் போகிற பொந்து வேண்டுமே? அதற்குத் தனியாக மணலில் செய்து இறுக்கிய ஓர் உருவத்தை உள்ளே உட்கார வைக்கிறார்கள். அது கோர். இரும்பு கோரைச் சுற்றி நிரம்பும். ஆறிய பிறகு கோர் மணலைத் தட்டிக் கொட்டினால் பொந்து மிஞ்சும்.

பேட்டர்ன் நிஜ அளவைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தது. கேட்டேன். உருகிய இரும்பு ஆறும்போது நூற்றுக்கு ஒரு பங்கு சுருங்குமாம். 30 சென்டிமீட்டர் நீளம் வேண்டுமென்றால் பேட்டர்னில் 3 மில்லிமீட்டர் கூட்டி வைக்க வேண்டும். இந்தச் சுருக்கக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், என் பம்பின் கதையும் இதில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறது.

மதியம் இரண்டு மணிக்கு இரும்பு ஊற்றினார்கள். மின்உலையைச் சாய்த்ததும் வெளிர் மஞ்சளாகப் பால் மாதிரி இறங்கியது. கிட்டத்தட்ட 1,400 டிகிரி. மேலே மிதந்த கசடை ஒருவர் கம்பியால் ஒதுக்க, இரண்டு பேர் நீளக் காம்பு போட்ட வாளியைத் தூக்கிக்கொண்டு பெட்டி பெட்டியாக ஊற்றிப் போனார்கள். ஒருவரும் பேசவில்லை. நடுவில் நிறுத்தினால் இரும்பு பாதியில் உறைந்து, அந்தப் பெட்டி வீண்.

உடைந்த வாயில் தெரிந்த உண்மை

அங்கே வேலை பார்க்கும் வயதான மோல்டர் ஒருவர் என் சாக்கை அவிழ்த்து, விரிசலைப் பார்த்தார். ஓரத்தில் ஒரு சில்லைச் சுத்தியலால் தட்டி உடைத்து, உடைந்த முகத்தைக் காட்டினார். சாம்பல் நிறத்தில், சர்க்கரை மாதிரி மணிமணியாக இருந்தது.

“நல்ல இரும்புதாங்க இது. ஏமாத்தலே” என்றார்.

வார்ப்பிரும்பில் நூற்றுக்கு மூன்று பங்குக்கு மேல் கார்பன். அதனால்தான் சீக்கிரம் உருகுகிறது, மூலை முடுக்கெல்லாம் ஓடி நிரம்புகிறது. பம்புக் கூட்டின் சுருள் வழியை எந்தக் கொல்லரும் அடித்து உண்டாக்க முடியாது, ஊற்றித்தான் ஆக வேண்டும். ஆனால், அவ்வளவு கார்பனும் கரைந்து நிற்காது. மெல்லிய செதில் செதிலாக இரும்புக்குள் பிரிந்து கிடக்கும். அமுக்கினால் எவ்வளவும் தாங்கும், அதிர்வையும் வாங்கிக்கொள்ளும். இழுத்தாலோ வளைத்தாலோ அந்தச் செதில் வழியே விரிசல் ஓடிவிடும்.

வெல்டிங் வைக்கும்போது என்ன நடக்கிறது? பற்றவைக்கும் இடம் மட்டும் உருகுகிற சூட்டில் இருக்கிறது. நாலு விரல் தள்ளி இரும்பு குளிர்ந்து கிடக்கிறது. உருகிய இடம் ஆறும்போது சுருங்குகிறது. மெது இரும்பாக இருந்தால் கொஞ்சம் நீண்டு கொடுக்கும். வார்ப்பிரும்புக்கு நீளத் தெரியாது. அதற்கு மேல், சட்டென்று ஆறியதால் வெல்டிங்கை ஒட்டிய இடம் கண்ணாடி மாதிரி கடினமாகிவிடுகிறது. அதனால்தான் வெல்டிங்கில் விடாமல் அதன் பக்கத்திலேயே விட்டது. திண்ணையில் நான் கேட்ட ‘டிக்’ சத்தம் அதுதான்.

“அப்போ ஒட்டவே முடியாதா?”

“முடியும். பக்குவம் வேணும்” என்று விவரம் சொன்னார். விரிசலின் இரண்டு முனையிலும் சின்ன ஓட்டை போட வேண்டும், அதற்கு மேல் விரிசல் ஓடாது. விரிசலை வி வடிவில் பள்ளம் எடுத்து, எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் சுத்தம் செய்ய வேண்டும். சாதாரண ராடு கூடாது, நிக்கல் ராடு வேண்டும். ஒரே மூச்சில் இழுக்காமல், ஓர் அங்குலம் வைத்து, லேசாகத் தட்டிக் கொடுத்து, கை வைக்கிற சூட்டுக்கு ஆறவிட்டு, அடுத்த அங்குலம். இல்லையென்றால் சாமானை முழுக்கச் சூடாக்கிப் பற்றவைத்து, சாம்பலிலோ காய்ந்த மணலிலோ புதைத்து ஒரு நாள் முழுக்க மெள்ள ஆறவிட வேண்டும். தண்ணீர் ஊற்றி ஆற்றவே கூடாது. என் கூட்டில் ஏற்கெனவே இரண்டு முறை தவறாகச் சூடு வைத்தாகிவிட்டது. “இதுக்குச் செலவு பண்ணாதீங்க. கூட்டை மட்டும் புதுசா மாத்துங்க” என்றார்.

பிறகு அவரே கேட்டார். “முதல்ல எதனால உடைஞ்சுது? பம்பு உட்கார்ற மேடை மட்டமா இருக்குதா?”

எனக்கு நினைவுக்கு வந்தது. மாசியில் மேடையின் ஒரு மூலை இறங்கிவிட்டது. பம்பு ஆடுகிறது என்று, நான்தான் ஸ்பேனரில் குழாயைச் செருகி முழுப் பலத்தோடு போல்ட்டை முறுக்கினேன். அடியில் இடைவெளி இருக்க, போல்ட்டு காலைக் கீழே இழுத்து வளைத்திருக்கிறது. வளையத் தெரியாத இரும்பை வளைக்கப் பார்த்திருக்கிறேன். போதாததற்கு டெலிவரி குழாயின் கனமும் அதன் கழுத்தில்தான் தொங்கியது. ஊரையெல்லாம் திட்டினேனே, உடைத்தது நான்!

லேத்தில் ஒரு மணி நேரம்

மாற்றுக் கூடு பக்கத்துத் தெருவில் கிடைத்தது. 2,800 ரூபாய். ஷாப்டில் பேரிங் உட்காரும் இடம் தேய்ந்திருந்ததால் லேத் பட்டறைக்கும் போனோம். மணலில் வார்த்த சாமான் எவ்வளவு நன்றாக வந்தாலும் மேல் சொரசொரப்பாகத்தான் இருக்கும். பேரிங், சீல் உட்காரும் இடங்களுக்கு நூறில் ஒரு மில்லிமீட்டர் கணக்குப் பார்க்க வேண்டும். அதற்காகவே வார்க்கும்போது இரண்டு மூன்று மில்லிமீட்டர் கனம் கூட்டி வைத்து, லேத்தில் கடைந்து எடுக்கிறார்கள்.

அங்கே ஒன்றைக் கவனித்தேன். என் ஷாப்டைக் கடையும்போது பிசிறு சுருள் சுருளாக நீண்டு வந்தது. பக்கத்து லேத்தில் ஒரு பம்புக் கூட்டைக் கடைந்துகொண்டிருந்தார்கள். அதில் கறுப்புத் தூளாகக் கொட்டியது. கொல்லர் கேட்ட கேள்விக்குப் பதில் என் காலடியிலேயே கிடந்தது.

வாங்கும் முன், ஒட்டும் முன்...

இந்த அலைச்சலில் நான் கற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

ஊற்றிய இரும்பா என்று பார்க்க: மேல்தோல் மணல் பதிந்த மாதிரி சொரசொரப்பாக இருக்கும். இரண்டு பெட்டி சேர்ந்த இடத்தில் மெல்லிய கோடு தெரியும். தட்டினால் கணீர் என்று கேட்காமல் ‘தொம்’ என்று கேட்கும். மறைவான இடத்தில் டிரில் போட்டால் தூளாக வரும். எஃகு என்றால் சுருளாக வரும்.

பம்பு மாட்டும்போது: மேடை மட்டமாக இருக்க வேண்டும். காலுக்கும் மேடைக்கும் இடைவெளி இருந்தால் தகடு கொடுத்து நிரப்பிய பிறகுதான் போல்ட்டை முறுக்க வேண்டும். அதையும் எதிர் எதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்க வேண்டும். குழாயின் கனத்துக்குத் தனியாக முட்டுக் கொடுங்கள்.

கொடுவாள், அரிவாள் சாணை பிடிக்கும்போது: மெஷினில் பிடித்தால் லேசாக வைத்து, அடிக்கடி தண்ணீரில் முக்கி எடுங்கள். விரல் பொறுக்காத சூடு வரவே கூடாது. நீலம் ஓடிவிட்டால், மறுபடி கொல்லர் உலையில் தோய்ச்சல் வைத்தால்தான் முனை திரும்பும்.

மண்வெட்டி வாங்கும்போது: தகட்டை அழுத்தி எடுத்த மண்வெட்டிகள் விலை குறைவு. தகடு மெது இரும்பாக இருந்தால் மணல் பூமிக்குப் போதும், கல் பூமியில் ஓரம் மடங்கிவிடும். அரத்தை வைத்து ஓரத்தில் ஓர் இழுப்பு இழுத்துப் பாருங்கள். வெண்ணெய் மாதிரி அறுத்தால் மெது இரும்பு. அரம் வழுக்கிக்கொண்டு போனால் தோய்ச்சல் வைத்த எஃகு.

ரோட்டாவேட்டர் கத்தி: அது சூட்டில் பக்குவப்படுத்திய எஃகு. வளைந்ததை கேஸ் வைத்துப் பழுக்கக் காய்ச்சி நிமிர்த்தினால், உருவம் திரும்பும், உறுதி திரும்பாது. மாற்றிவிடுவதே நல்லது.

ஊர் திரும்பியதும் முதல் வேலையாக மேடையை இடித்து மட்டம் பார்த்துப் போட்டேன். குழாய்க்கு இரண்டு கல்தூண் முட்டுக் கொடுத்தேன். பம்பு ஓடுகிறது. தக்காளியில் பாதிதான் மிஞ்சியது, அதை விற்ற காசு கூட்டுக்கும் லேத்துக்கும் சரியாகப் போனது.

புதுக் கொடுவாள் வாங்கப் போனபோது, அடுத்த வருஷம் பட்டறையைத் திறப்பது சந்தேகம் என்றார் கொல்லர். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகிறான். சம்மட்டி தூக்க ஆள் இல்லை. என் வீட்டில் முனை போன அரிவாள், களைக்கொத்து என்று ஏழெட்டுக் கிடந்தன. எல்லாவற்றையும் அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன். உங்கள் ஊரில் உலை இன்னும் எரிகிறதென்றால், பரணில் கிடப்பதை இறக்கிக்கொண்டு போங்கள். கேள்வி எழுத வாங்கிய கார்டு அப்படியே இருக்கிறது. அதற்குப் பதிலாகத்தான் இதை எழுதி அனுப்புகிறேன்.